கொம்பைச் சுழித்த முனிவர்

வீரமாமுனிவர் என்றதும் நம்மில் பலருக்குப் பரமார்த்த குருவும் அவருடைய ஐந்து சீடர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். தமிழிலக்கியம் பயின்றவர்கள் தேம்பாவணியையும் சதுரகராதியையும் சேர்த்துச் சொல்வார்கள். இம்மலரில் நான் எழுத விரும்புவது அவருடைய இன்னொரு பணியைப் பற்றி. அது மிகச் சிறியது. 'கெ' என்பதைக் 'கே' ஆக்கும் கொம்பின் மேல் இருக்கிறதே ஒரு சுழி, அந்தச் சுழி.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பை முடித்தபின் வார இறுதிகளில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தி வருகிறேன். வாசிக்க வரவில்லை என்று பெற்றோர் அழைத்து வரும் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலோர் உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் மடமடவென்று ஒப்பிப்பார்கள். அவர்கள் தடுக்கி விழும் இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தேன். திரும்பத் திரும்ப நான்கு இடங்கள்தான். முதலாவது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும். இரண்டாவது, 'கொ', 'கோ' போல மெய்யின் முன்னும் பின்னும் குறி வரும் எழுத்துகள். மூன்றாவது, 'ங்க', 'ஞ்ச', 'ண்ட', 'ந்த', 'ம்ப' என்னும் இன எழுத்துச் சேர்க்கைகள். நான்காவது, 'ற்ற', 'ன்ற'. இவற்றில் இரண்டு எழுத்து சேரும்போது, தனித்தனியே இல்லாத ஓர் ஒலி பிறக்கிறது.

இதே இடங்களில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நின்று யோசித்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஏழு வயதுப் பிள்ளையல்லர். முப்பது வயது இத்தாலியர். அவருடைய வாழ்க்கையை ஓர் எழுத்தாசிரியரின் வாழ்க்கையாகப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

பெஸ்கி என்னும் பெயர்

அவருடைய இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8ஆம் நாள் வட இத்தாலியில் மாந்துவா நகரை அடுத்த காஸ்தில்யோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1709இல் குருப்பட்டம் பெற்றார்.

அவருடைய பெயரையும் ஊரையும் ரோமன் எழுத்தில் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெஸ்கி என்பதில் 'கி' என்னும் ஒலியை இத்தாலியர்கள் சி, எச் என்ற இரண்டு எழுத்துகளுக்குப்பின் ஐ போட்டு எழுதுகிறார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் வாசிப்பவர் அதைப் 'பெச்சி' என்றோ 'பெஷி' என்றோ வாசித்துவிடுவார். ஊர்ப் பெயரிலும் அப்படித்தான். ஜி, எல் என்ற இரண்டு எழுத்து சேர்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிறக்கும் 'ல்ய' போன்ற ஓரொலியைத் தருகிறது. இரண்டெழுத்து சேர்ந்து ஓரொலி ஆவதை மலாய்மொழி வகுப்பில் டிகிராஃப் என்று படித்திருப்போம். அந்த வழக்கத்தைத் தம் பெயரிலேயே சுமந்துகொண்டு தமிழகம் வந்தவர் பெஸ்கி.

இது நமக்குத் தொலைவான செய்தியல்ல. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒரே ஆண்டில் மூன்று மொழிகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்கிறது. பூவைக் குறிக்கும் மலாய்ச் சொல்லில் என், ஜி இரண்டும் சேர்ந்து வெறும் 'ங' ஒலி. ஏணியைக் குறிக்கும் சொல்லில் என், ஜி, ஜி மூன்றும் சேர்ந்தால்தான் நம் 'ங்க' ஒலி. 1972 ஆகஸ்டு 16இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொது எழுத்துக்கூட்டலை ஏற்றபோது, அதுவரை இங்கே சி, எச் என இரண்டெழுத்தில் எழுதிவந்த சகர ஒலியைச் சி என்ற ஓரெழுத்தாகச் சுருக்கினார்கள். ஆங்கில வகுப்பிலோ அதே சி, எச் இன்றும் இரண்டெழுத்தாகவே இருக்கிறது. இத்தனையையும் ஏழு வயதில் சுமக்கும் பிள்ளை தமிழுக்கு வரும்போது, இங்கே எது ஓரெழுத்து, எது ஈரெழுத்து என்று தயங்குவதில் வியப்பில்லை.

தமிழகம் வந்தவர்

பெஸ்கி லிஸ்பனிலிருந்து கப்பலேறி 1710இல் கோவா வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மதுரை மிஷன் பகுதிக்கு வந்தார். காமநாயக்கன்பட்டி போன்ற தென்பாண்டி ஊர்களில் தொடக்க காலத்தைக் கழித்தார். பிறகு, இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சி அவருடைய வாழ்விடமாயிற்று. அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவர் அவரே. கோனான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பியதும் அவரே.

தமிழில் தம் பெயரைத் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். கான்ஸ்டன்டைன் என்ற பெயரின் பொருளான உறுதிக்கு நெருங்கிய பெயர் அது. தைரியம் வடசொல் என்பதால் பின்னர் வீரமாமுனிவர் என்னும் பெயர் நிலைத்தது. சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழிலக்கியம் பயின்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு, காவி உடையும் பல்லக்கும் பரிவாரமுமாக அவரைக் காட்டுகிறது. அவர் சந்தா சாகிபின் திவானாக இருந்தார் என்றும் அந்த வரலாறு சொல்கிறது. பிற்கால ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. எனக்கு அந்தப் பல்லக்கைவிட, அவர் கையில் இருந்த எழுத்தாணியில்தான் கண் போகிறது.

ஏட்டில் இருந்த இடர்ப்பாடு

அன்றைய ஓலைச்சுவடியை நம் பிள்ளைகளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்று பொதுவாகக் காரணம் சொல்வார்கள். 'கல' என்று எழுதியிருந்தால் அது கலவா, கல்லா என்பதை இடம் நோக்கித்தான் அறிய வேண்டும். ஆகாரத்தைக் காட்டும் காலும் ரகரமும் ஏறக்குறைய ஒரே கோடாக இருக்கும்.

எகர ஒகரங்களின் நிலை இன்னும் சிக்கல். தொல்காப்பியம் காட்டும் முறைப்படி எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி உண்டு. ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் இல்லை. புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். புள்ளி வைக்கும் வழக்கமே மறைந்தபோது இரண்டும் ஒரே வடிவாகிவிட்டன. எரியும் ஏரியும் ஒன்று. எடுவும் ஏடும் ஒன்று. கொடுவும் கோடும் ஒன்று. கெடுவும் கேடும் ஒன்று.

தமிழைத் தாய்மொழியாகப் பேசியவருக்கு இது பெரிய தொல்லையல்ல. சொல்லை முன்னமே அறிந்தவர், எழுத்து பாதி சொன்னாலும் மீதியை நாவே நிரப்பிக்கொள்ளும். சொல்லை முதன்முதலாக ஏட்டில் பார்ப்பவருக்குத்தான் தொல்லை. வீரமாமுனிவர் அந்த நிலையில் இருந்தார். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டில் ஆங்கிலமோ கலப்பு மொழியோ பேசி வளரும் தமிழ்ப்பிள்ளைகள் பலரும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். 'ஏடு' என்ற சொல்லை ஒருமுறைகூடக் காதால் கேட்டிராத பிள்ளைக்கு எழுத்தைத் தவிர வேறு துணையில்லை.

சுழி பிறந்தது

வீரமாமுனிவர் பழைய புள்ளியையே மீட்டுக் கொண்டுவந்திருக்கலாம். அவர் வேறு வழியில் சென்றார். குறிலை அப்படியே விட்டுவிட்டு நெடிலுக்கு அடையாளம் தந்தார். 'எ' என்பதன் காலை நீட்டி 'ஏ' ஆக்கினார். 'ஒ' என்பதன் அடியைச் சுழித்து 'ஓ' ஆக்கினார். ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைக் கொம்பாக்கினார். 'கெ' ஒரு சுழியால் 'கே' ஆயிற்று; 'கொ' அதே சுழியால் 'கோ' ஆயிற்று.

பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருபவன் என்ற முறையில் இதன் அருமை எனக்கு இரண்டு வகையில் புலப்படுகிறது. முதலாவது, ஒலி நீளும் இடத்தில் வடிவமும் கூடுகிறது. பழைய முறையில் குறில்தான் கூடுதல் குறி பெற்றது. நெடில் வெறுமையாக நின்றது. புதிய முறையில் கூடுதல் ஒலிக்குக் கூடுதல் கோடு. அகரத்துக்குக் கால் சேர்த்தால் ஆகாரம், இகரக் கொக்கியைச் சுழித்தால் ஈகாரம் என்று மற்ற எழுத்துகளில் ஏற்கெனவே இருந்த ஒழுங்கோடு இது பொருந்திவிடுகிறது. இரண்டாவது, புள்ளி எழுத்திலிருந்து விலகி நிற்பது, அவசரத்தில் விட்டுப்போகும். சுழியோ எழுத்தின் உடம்பிலேயே இருக்கிறது. கையை எடுக்காமல் வளைத்துவிடலாம். ஓலைக்கும் பகையில்லை.

இந்த மாற்றம் ஒரே நாளில் நாடெங்கும் பரவிவிடவில்லை. ஏடெழுதுவோர் நெடுங்காலம் பழைய வழியிலேயே எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அச்சு பெருகியபோதுதான் புள்ளியும் சுழியும் அனைவர் கண்ணுக்கும் பழகின. தந்தை பெரியார் 1935இல் தம் இதழ்களில் புகுத்திய எழுத்துச் சீர்திருத்தமும் அப்படியே. தமிழக அரசு அதை ஏற்று ஆணை பிறப்பித்தது 1978இல். பிறகு நம் நாட்டுப் பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. 'ணை', 'லை', 'னை' போன்றவற்றின் பழைய கூட்டு வடிவங்களை நம் தாத்தா பாட்டிகள் எழுதிய கடிதங்களில் இன்றும் காணலாம். எழுத்தைத் திருத்துகிறவர் அதன் பயனைத் தம் காலத்திலேயே முழுமையாகக் காண்பது அரிது.

ஒலியை எழுதிவைத்தவர்

வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் உபதேசியார்களுக்குப் பள்ளி நடத்தினார். அவர்களுக்கென்று 1727இல் வேதியர் ஒழுக்கம் எழுதினார். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வரும் குருமார்களுக்காக, மக்கள் பேசும் தமிழின் இலக்கணத்தை 1728இல் இலத்தீனில் எழுதினார். அதுவே கொடுந்தமிழ் இலக்கணம். அதன் முதல் இயல் எழுத்துகளையும் அவற்றை ஒலிக்கும் முறையையும் பற்றியது. செந்தமிழுக்குத் தனி இலக்கணம், எழுத்து முதல் அணி வரை ஐந்தையும் சொல்லும் தொன்னூல் விளக்கம் ஆகியவை 1730ஐ ஒட்டி வந்தன.

கொடுந்தமிழ் இலக்கணம் அச்சேறிய கதை சுவையானது. தரங்கம்பாடியில் லுத்தரன் சபையார் அச்சகம் வைத்திருந்தார்கள். அவர்களை மறுத்து வீரமாமுனிவர் வேத விளக்கம் முதலான கண்டன நூல்களை எழுதியிருந்தார். இரு தரப்புக்கும் கடுமையான பகை. ஆனாலும் 1738இல் அந்த அச்சகமே அவருடைய இலக்கணத்தை அச்சிட்டது. சமயத்தில் உடன்படாதவர்களுக்கும் தமிழ் கற்க அந்நூல் தேவைப்பட்டது. அவர் சமயம் பரப்பவே வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காகச் செய்த கருவி, அந்த நோக்கத்தையும் கடந்து நம் கைக்கு வந்திருக்கிறது.

1732இல் அவர் தொகுத்த சதுரகராதியும் அத்தகைய கருவிதான். அதற்கு முன் சொற்பொருள் அறிய நிகண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டும். செய்யுள் மனத்தில் இல்லாதவருக்கு நிகண்டு திறவாத பெட்டி. வீரமாமுனிவர் சொற்களை அகர வரிசையில் நிறுத்திப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக்கினார். எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் தேடிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. எழுத்துத் தெளிவாக இருந்தால்தான் வரிசை தெளிவாக இருக்கும். வரிசை தெளிவாக இருந்தால்தான் மாணவர் ஆசிரியரின் துணையின்றித் தாமே கற்க முடியும். சுழியும் அகராதியும் ஒரே மனத்தில் பிறந்தவை என்று நான் கருதுவது இதனால்தான்.

பரமார்த்த குரு கதையும் தமிழ் கற்பவர்க்கான வாசிப்புப் பயிற்சியாகவே எழுதப்பட்டது. தமிழையும் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே அவர் அமைத்தார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐவரும் ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்ப்பதும், ஆற்றைக் கடந்தபின் தம்மை விட்டுவிட்டு எண்ணி ஒருவரைக் காணவில்லை என்று அழுவதும் இன்றும் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கின்றன. 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடிய கையே இந்த எளிய உரைநடையையும் எழுதியது.

அம்பலக்காடும் நம் பல்கலைக்கழகமும்

தம் இறுதிக் காலத்தை வீரமாமுனிவர் கேரளத்து அம்பலக்காட்டில் கழித்தார். 1747 பிப்ரவரி 4ஆம் நாள் அங்கேயே மறைந்தார் என்று இன்றைய ஆய்வாளர் பலரும் கொள்கின்றனர்.

அம்பலக்காடு என்ற பெயர் நம் பல்கலைக்கழகத்தோடும் தொடர்புடையது. அந்தாம் தெ புரொயென்சா பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துகீசிய அகராதி, வீரமாமுனிவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டான 1679இல் அம்பலக்காட்டில்தான் அச்சிடப்பட்டது. அதன் படியொன்று உரோமாபுரியில் வாட்டிகன் நூலகத்தில் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றிருந்த தனிநாயகம் அடிகள் அதைப் பதிப்பித்தார். 1966இல், முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடிய அதே ஆண்டில், மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக அது வெளிவந்தது. இரண்டாம் மாநாடு 1968இல் சென்னையில் கூடியபோது, மெரினா கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை எழுந்தது. ஆக, தமிழ் கற்கப் பிறர் செய்த கருவிகளைத் தேடி எடுத்துக் காத்த பெருமையில் நம் வளாகத்துக்கும் பங்குண்டு.

வகுப்பறையில் அவர் வழி

வீரமாமுனிவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். கற்பவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். அதை நான் கையாளும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழாசிரியராகப் போகும் தம்பி தங்கையருக்குப் பயன்படலாம்.

குறில் நெடிலுக்கு எடு - ஏடு, கொடு - கோடு என்று இணைகளாகவே தருகிறேன். சுழியை மட்டும் சிவப்பு மையால் எழுதுகிறேன். சிவப்பைக் கண்டால் குரல் நீள வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் சிவப்பை எடுத்துவிட்டாலும் குரல் தானே நீள்கிறது. 'கொ', 'கோ' எழுத்துகளில் மூன்று துண்டுகளைத் தனித்தனி அட்டையில் எழுதி, பிள்ளையே கொம்பையும் காலையும் மெய்யின் இருபுறமும் பொருத்தச் சொல்கிறேன். கொம்பைப் பார்த்தவுடன் வாய் திறக்கக் கூடாது; அந்தப் பக்கம் கால் இருக்கிறதா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும். இது எங்கள் வகுப்பின் விதி.

இன எழுத்துச் சேர்க்கைகளை நம் பாடத்திட்டமே தொடக்க ஆண்டுகளில் வைத்திருக்கிறது. அவற்றை உடைத்துக் கூட்டாமல் ஒரே கட்டத்துக்குள் எழுதுகிறேன். 'ங்', 'க' என்று தனித்தனியே கூட்டும் பிள்ளை 'தங்கம்' என்ற சொல்லை அடைவதற்குள் களைத்துவிடுகிறது. 'ங்க' என்பதை ஒரே கட்டமாகப் பார்க்கும் பிள்ளை தங்கம், சங்கு, நுங்கு என்று ஓடுகிறது. மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் மென்மையாக ஒலிக்கும் என்ற விதியைச் சொல்லித் தராமலே காது பிடித்துக்கொள்கிறது. 'ற்ற', 'ன்ற' இரண்டுக்கும் தனி நாள் ஒதுக்குகிறேன். காற்று, நேற்று, கன்று, நன்றி என்று முதலில் வாயால் பலமுறை சொல்லவைத்து, பிறகே எழுத்தைக் காட்டுகிறேன். ஒலி முன்னே, எழுத்து பின்னே. மலாய்மொழியின் இரண்டெழுத்து ஒலிகளையும் பக்கத்திலேயே எழுதி ஒப்பிட்டுக் காட்டினால், பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இது சிறு வேலையாகத் தோன்றலாம். ஆனால் 2010இல் தொடங்கிய லினுஸ் திட்டம் மலாய்மொழி வாசிப்பையும் எண்ணறிவையும் முதல் மூன்றாண்டுகளில் சோதித்தது. 2013 முதல் ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொண்டது. தமிழ் வாசிப்பில் பின்தங்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியரிடமும் நம்மிடமுமே இருந்துவந்திருக்கிறது. முதலாம் ஆண்டில் வாசிக்க முடியாத பிள்ளை மூன்றாம் ஆண்டில் கதைப் புத்தகத்தைத் தொடுவதில்லை. ஆறாம் ஆண்டுக்குப்பின் இடைநிலைப்பள்ளியில் தமிழைப் பாடமாக எடுக்கத் தயங்குகிறது. அந்தப் பிள்ளை நம் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைக்கோ இந்திய ஆய்வியல் துறைக்கோ வரப்போவதில்லை. நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்று பெருமை கொள்கிறோம். அவற்றில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து வருகிறது என்று கவலையும் கொள்கிறோம். சேர்ந்த பிள்ளை தமிழில் தங்குமா என்பது, பல வேளைகளில், இந்தக் கொம்பிலும் சுழியிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கடல் கடந்து வந்த ஒருவர் தம் வாழ்நாளில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழுக்குத் தந்தார். நான் அவ்வளவு கேட்கவில்லை. பேரவை நண்பர்களே, வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். உங்கள் வட்டாரத்தில் உள்ள தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரைக் கண்டு, வாசிப்பில் பின்தங்கிய ஐந்து பிள்ளைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில அட்டைகளும் ஒரு சிவப்புப் பேனாவும் கைவசம் இருந்தால் அடுத்த சனிக்கிழமையே தொடங்கிவிடலாம்.